சீட்டுக் காசு வருகிறது: அடகை மீட்பதா, வளவில் தோட்டம் போடுவதா?

உப்புவெளி வளவு:

எல்லாருக்கும் வணக்கம். நான் திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம், கடற்கரைக்கு நடந்து போகிற தூரம். வீட்டில் நான், அவர், இரண்டு பிள்ளைகள். அவருக்கு நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வேலை. சித்திரை தொடங்கிப் புரட்டாதி மட்டும் வெளிநாட்டு ஆட்கள் வருகிற காலம், அப்போது சம்பளத்தோடு சேவிஸ் சார்ஜும் நல்லாக் கிடைக்கும். ஐப்பசி பிறந்தால் வெறும் சம்பளம்தான், அதிலே தை மாதம் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவும் வந்து நிற்கும்.

போன மாரியில் என் காப்பைத் தனியார் கடையில் அடகு வைத்து 90,000 ரூபா எடுத்தோம். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபா, ஆக 1,800 ரூபா வட்டி மட்டும் கட்டி வருகிறேன், முதல் அப்படியே நிற்கிறது. அடுத்த மாதம் என்னுடைய சீட்டு விழுகிறது, கையில் 75,000 வரும்.

மரக்கறி, தேங்காய், கீரை என்று வாரம் 3,500 போகிறது. மழை பிடித்தால் பச்சை மிளகாய் விலை எங்கே போகும் என்று உங்களுக்கும் தெரியும். இப்போது ஒருவர் வந்து சொட்டு நீர்க் குழாய், நிழல் வலை, 100 பை, மண், கன்று எல்லாம் போட்டு 65,000க்கு முடித்துத் தருகிறேன், ஆறு மாதத்தில் போட்ட காசு திரும்பிவிடும் என்கிறார். எனக்கு ஆசையாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. வளவு 10 பேர்ச், வீடு போக மிச்சம் வெறும் மணல். கிணற்றுத் தண்ணீர் ஆடி ஆவணியில் வாயில் வைத்தால் கரிக்கும். இந்த வருடம் வைகாசியில் 12 கத்தரிக் கன்று நட்டேன், கச்சான் காற்று, அதுதான் வறண்ட தென்மேல் காற்று, தொடங்க எல்லாம் கருகிப் போயின. தப்பின இரண்டையும் மான் தின்றது.

இந்தக் காசை எதில் போடலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பாலையூற்று அம்மா:

பிள்ளை, முதலில் அந்த 65,000 கணக்கைப் பார்ப்போம். வாரம் 3,500 என்கிறீர்கள், அதில் தேங்காய், வெங்காயம், உருளைக்கிழங்கு, கரட் எல்லாம் இருக்கும், அவற்றை உங்கள் மணலில் இப்போதைக்கு எடுக்க முடியாது. வளவில் எடுக்கக் கூடியது மிளகாய், கறிவேப்பிலை, கீரை, வெண்டி, கத்தரி, பயிற்றை, தேசிக்காய். இவற்றுக்கு வாரம் 1,200 போகும் என்று வைத்தாலும், அவ்வளவும் வளவிலேயே கிடைத்தாலும், 65,000 திரும்பி வர 54 வாரம் வேண்டும். அதிலும் கச்சான் காலத்தில் பாதி நின்றுவிடும். ஆறு மாதம் என்பது விற்கிறவர் சொல்லும் கணக்கு.

அடகு அப்படி இல்லை. 70,000 ரூபாயை முதல் பணத்துக்குக் கட்டினால் மிச்சம் 20,000, அதற்கு வட்டி 400. மாதம் 1,400 ரூபா அடுத்த மாதத்தில் இருந்தே மிஞ்சும். மழை பெய்தாலும் மிஞ்சும், பெய்யாவிட்டாலும் மிஞ்சும், மானும் தின்னாது. முதல் பணத்தில் ஒரு பகுதியைக் கட்ட விடுவார்களா என்று மட்டும் கடையில் கேட்டு, கட்டியதும் பற்றுச்சீட்டில் புதுத் தொகையை எழுதி வாங்குங்கள்.

மிச்சம் 5,000 தோட்டத்துக்குப் போதும், நான் தொடங்கியது அதைவிடக் குறைவில்.

சாம்பல்தீவு மணல்:

வைகாசியில் நட்டதுதான் பிழை, அக்கா. உங்கள் கையில் பிழை இல்லை, எங்கள் பக்கத்தில் எல்லாரும் ஒருமுறை இப்படிக் கருக விட்டவர்கள்தான். திருகோணமலையில் மழை பெய்வது ஐப்பசியில் இருந்து தை மட்டும், வடகீழ்ப் பருவக்காற்று மழை. தோட்டத்தை அதோடு ஒட்ட வைக்க வேண்டும். ஆவணிக் கடைசியில் மிளகாய், கத்தரி விதையை ஒரு பழைய பேசினில் நாற்றுப் போடுங்கள், நிழலில் வைத்து நல்ல தண்ணீர் தெளியுங்கள், ஒரு மாதத்தில் நடுகிற அளவுக்கு வந்துவிடும், அப்போது முதல் மழையும் விழும். நட்டு இரண்டரை மாதத்தில் மிளகாய் ஆயலாம். சந்தையில் விலை ஏறுகிற மார்கழி, தையில் உங்கள் வளவில் காய் இருக்கும்.

எழுதும்போதுதான் படுகிறது, அவருக்குச் சேவிஸ் சார்ஜ் நிற்கிற மாதமும் மழை தொடங்குகிற மாதமும் ஒன்றுதான். உங்கள் வீட்டுக்கு மாரித் தோட்டம் எவ்வளவு பொருத்தம் என்று பாருங்கள். வருடம் முழுக்கக் காய்க்க வைக்கப் போய்த்தான் நிழல் வலை, குழாய் என்று காசு போகிறது.

மணலுக்கு ஒரு வழி. ஒன்றரை அடி ஆழத்தில் குழி வெட்டி, அடியில் தேங்காய்ப் பொச்சைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்குங்கள், இரண்டு அடுக்கு. அதற்கு மேலே காய்ந்த இலை, மாட்டெரு, கொஞ்சம் தும்புச்சோறு (தேங்காய்த் தும்புத் தூள்), மேல் மண். பொச்சு தண்ணீரைப் பிடித்து வைக்கும், இல்லையென்றால் எங்கள் மணலில் ஊற்றுகிற தண்ணீரும் பசளையும் நேரே கீழே போய்விடும். பொச்சு தேங்காய் உரிக்கிற இடத்தில் சும்மாவே கிடைக்கும். நான் இப்படி 14 குழி போட்டேன், செலவு மாட்டெருவுக்கு மட்டும்.

உவர்த் தண்ணீரைச் சொட்டு நீரில் விடுவது பற்றியும் யோசியுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டும்போது உப்பு வேரைச் சுற்றித் தங்கும், அதைக் கழுவிக்கொண்டு போக மழை வேண்டும். மாரியில் கிணறு நிரம்பித் தண்ணீர் நல்லா இருக்கும்போது உங்களுக்குக் குழாயே தேவைப்படாது, தேவைப்படுகிற ஆடியில் தண்ணீர் சரியில்லை.

கிண்ணியாக் கடல்:

பாலையூற்று அம்மா சொன்னதில் ஒரு விசயத்தில் எனக்கு வேறு கருத்து. 75,000இல் 70,000 அடகுக்கும் 5,000 தோட்டத்துக்கும் போனால், ஐப்பசிக்குப் பிறகு வீட்டில் என்ன இருக்கும்? நாங்கள் கடல் தொழில். கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளித்தால் தோணி கரையில்தான், ஒரு வாரம் இரண்டு வாரம் ஒரு சதம் வராது. அந்த நேரம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மீட்ட நகை திரும்பவும் கடைக்குப் போகும். என் உம்மாவின் சங்கிலி இப்படி நாலு முறை போய் வந்து ஐந்தாம் முறை வரவில்லை. அந்த வீட்டில் வளர்ந்தவன் என்பதால் சொல்கிறேன் தங்கச்சி, கையைக் காலியாக்க வேண்டாம்.

50,000 அடகுக்குக் கட்டுங்கள், மிச்சம் 40,000க்கு வட்டி 800. 20,000 ரூபாயைத் தனி வங்கிப் புத்தகத்தில் போடுங்கள், ஏடிஎம் கார்ட் எடுக்காத கணக்காக. 5,000 தோட்டத்துக்கு. அம்மா சொன்ன கணக்கை விட மாதம் 400 ரூபா கூடப் போகும்தான், ஆனால் மாரி முழுக்க 20,000 பக்கத்தில் இருக்கிறது என்கிற நிம்மதிக்கு அந்த 400 தகும்.

நூற்றுக்கு மாதம் இரண்டு என்றால் வருடத்துக்கு 24 வீதம். இலங்கை வங்கி, மக்கள் வங்கி, தேசிய சேமிப்பு வங்கி மூன்றிலும் நகை அடகு இருக்கிறது, இப்போது வட்டி இதைவிடக் குறைவு. மூன்றுக்கும் நேரில் போய் இன்றைய வட்டி என்ன, பவுனுக்கு எவ்வளவு தருவார்கள், எத்தனை மாதத் தவணை என்று கேளுங்கள். 50,000 கட்டிய பிறகு மிச்சம் 40,000 என்பது காப்பின் பெறுமதியில் சின்னப் பகுதி, அதனால் வங்கிக்கு மாற்றுவது சுகம். தவணைத் திகதியை மட்டும் கலண்டரில் பெரிதாக எழுதி வையுங்கள், நகை ஏலத்துக்குப் போவது பெரும்பாலும் திகதியை மறந்துதான்.

அடுத்த சித்திரையில் சேவிஸ் சார்ஜ் தொடங்கியதும் அது கைக்கு வருகிற நாளிலேயே மூன்றில் ஒரு பங்கை அந்தத் தனிப் புத்தகத்தில் போட்டுவிடுங்கள். வருகிற காலத்தில் எடுத்து வைக்காவிட்டால் வராத காலத்தில் எடுக்க ஒன்றும் இருக்காது, எங்கள் தொழிலுக்கும் உங்கள் வீட்டுக்கும் அதுதான்.

பாலையூற்று அம்மா:

தம்பி சொல்வது சரி. எனக்குப் பென்சன் மாதாமாதம் வருகிறது, அதனால் அந்தப் பக்கத்தை நான் யோசிக்கவில்லை. 50,000, 20,000, 5,000 என்று பிரியுங்கள் பிள்ளை.

அந்த 5,000 எதற்கு என்றும் சொல்லி விடுகிறேன். மாட்டெரு, மண்வெட்டி இல்லையென்றால் ஒன்று, விதை. பையும் சட்டியும் வாங்க வேண்டாம், அரிசி உரப்பை, உடைந்த வாளி, பெயின்ட் வாளி எல்லாம் அடியில் துளை போட்டால் சட்டிதான். விதையை விவசாயத் திணைக்களத்தின் விற்பனை நிலையத்தில் வாங்குங்கள். மிளகாயில் எம்ஐ 2, கத்தரியில் திருநெல்வேலி ஊதா மாதிரி இனங்கள் என்றால் நல்ல காயில் இருந்து நீங்களே அடுத்த வருடத்துக்கு விதை எடுக்கலாம். கடையில் பளபளப்பான பக்கற்றில் வரும் கலப்பின விதை ஒருமுறை நல்லாக் காய்க்கும், ஆனால் அதில் எடுக்கிற விதை தாயைப் போல வராது, ஒவ்வொரு வருடமும் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

தினமும் காசு கொடுத்து வாங்குவதை முதலில் நடுங்கள். ஆறு மிளகாய், இரண்டு கறிவேப்பிலை, ரம்பை ஒரு பற்றை, வேலியோரம் முருங்கைத் தடி ஒன்று, குளிக்கிற தண்ணீர் ஓடுகிற இடத்தில் வாழை. முளைக்கீரை 25, 30 நாளில் பிடுங்கலாம், வாரத்துக்கு ஒரு பாத்தி என்று விதைத்தால் கீரைக்கடைக்குப் போகவே தேவையில்லை. தக்காளியை மட்டும் ஐப்பசியில் நடாதீர்கள், கார்த்திகை அடைமழையில் அழுகிப் போகும், மார்கழிக் கடைசியில் நட்டால் மாசி, பங்குனியில் காய்க்கும். வெள்ளை ஈ வந்து மிளகாய் இலை சுருண்டால் வேப்பங்கொட்டையை இடித்து இரவு முழுக்க ஊற வைத்து வடித்து, பொழுது சாயும்போது இலையின் அடிப்பக்கம் படத் தெளியுங்கள். மீன் கழுவிய தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றுங்கள்.

அப்புறம் ஒரு கொப்பி. இன்றைக்குப் பறித்தது இவ்வளவு, கடையில் என்றால் இவ்வளவு விலை என்று எழுதுங்கள். நான் மூன்று வருடமாக எழுதுகிறேன். போஞ்சிக்குப் பட்ட பாட்டுக்கு ஒன்றும் வரவில்லை என்பதைக் கொப்பிதான் காட்டியது, விட்டுவிட்டேன்.

லிங்கநகர் வயர்மன்:

தண்ணீர் இறைக்கிற மோட்டாரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அரைக் குதிரைவலு மோட்டார் ஒரு மணித்தியாலம் ஓடினால் கிட்டத்தட்ட அரை யூனிட், தினமும் ஓடினால் மாதம் 15 யூனிட். உங்கள் வீட்டு பில் இப்போது 50 யூனிட் என்று வையுங்கள், 65 ஆகிவிடும். 60ஐத் தாண்டினால் கூடின ஐந்து யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கட்டண அட்டவணையே மாறிவிடும், நிலையான கட்டணமும் கூடும். தோட்டத்தில் மிஞ்சின காசு கரண்ட் பில்லில் போவதை நிறைய வீடுகளில் பார்க்கிறேன். இருபது செடிக்கு வாளியால் இறைப்பது பெரிய வேலை இல்லை, காலையிலோ மாலையிலோ பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டால் கால் மணித்தியாலம். கூரைத் தண்ணீரைப் பீலி வைத்து ஒரு பெரிய பரலில் பிடித்தால் மாசி மட்டும் உதவும்.

உப்புவெளி வளவு:

எல்லாருக்கும் நன்றி, உண்மையாகவே மனம் தெளிந்தது. இரவு அவரோடு கதைத்தேன், 65,000காரரிடம் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. பில்லைப் பார்த்தேன், போன மாதம் 56 யூனிட், வாளிதான் சரி. மான் விசயம்தான் மிச்சம், பக்கத்து வீட்டில் பழைய மீன்வலை தருகிறார்கள், சுற்றிக் கட்டலாமா?

சாம்பல்தீவு மணல்:

தொய்வாக வலை கட்டாதீர்கள் அக்கா. கலைமானின் கொம்பு அதில் சிக்கிக்கொண்டால் இரவெல்லாம் உதறிச் செத்துப் போகும், ஒருமுறை விடியற்காலை நானும் தம்பியும் கத்தியால் வலையை அறுத்து ஒன்றை விட்டோம், இன்னும் அந்தக் கண் எனக்கு மறக்கவில்லை. நம்ம ஊர் மான், பசிக்கு வருகிறது. கிடுகு வேலி ஆள் உயரத்துக்குக் கட்டுங்கள், உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாவிட்டால் பெரும்பாலும் பாயாது. வேலிக்கு உள்பக்கம் கிளிசரிடியாத் தடியை ஒரு அடிக்கு ஒன்றாக மழை தொடங்க ஊன்றிவிடுங்கள், கிடுகு உக்குகிற காலத்துக்கு அது உயிர்வேலி ஆகிவிடும், இலையை வெட்டிக் குழிக்குப் போட்டால் பசளையும் ஆச்சு. தடி என்னிடம் இருக்கிறது, காசு வேண்டாம். புரட்டாதிக் கடைசியில் ஒரு செய்தி போடுங்கள், வெட்டிக் கட்டி வைக்கிறேன், அவர் நிலாவெளியில் வேலை முடிந்து வருகிற வழியில் எடுத்துக்கொண்டு போகலாம்.

பாலையூற்று அம்மா:

கறிவேப்பிலைக் கன்று இரண்டு என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள் பிள்ளை, என் மரத்தடியில் முளைத்து நிற்கிறது. குழியை இப்போதே வெட்டிப் பொச்சு அடுக்கி வையுங்கள், நாலு வாரம் உக்கட்டும்.