வைஃபை கேமரா மாட்டியதிலிருந்து ஜிக்பீ சென்சார்கள் விட்டு விட்டுக் காணாமல் போகின்றன

கிட்டங்கிக்காரன்

வணக்கம். விருதுநகர் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு ஒரு குளிர்பதனக் கிட்டங்கி இருக்கிறது. மூன்று அறைகள், முக்கால்வாசி மிளகாய் வத்தல் மூட்டைகள். உள்ளே 14 ஜிக்பீ சென்சார்கள் (குறைந்த பவரில் வயர் இல்லாமல் பேசும் பேட்டரிக் கருவிகள்) வைத்திருக்கிறேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையும் ஈரப்பதமும் ஆபீஸில் இருக்கும் சின்னக் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். அவற்றின் சிக்னலை வாங்கும் ஜிக்பீ டாங்கிள் அந்தக் கம்ப்யூட்டரின் பின்பக்க யுஎஸ்பியில் செருகியிருக்கிறது. இரண்டு வருடம் ஒரு தொந்தரவும் இல்லை.

போன மாதம் எட்டு வைஃபை கேமரா மாட்டினோம். அன்றிலிருந்து சென்சார்கள் ஒவ்வொன்றாக அரை மணி, ஒரு மணி நேரம் காணாமல் போய்த் திரும்பி வருகின்றன. போன வாரம் ராத்திரி இரண்டு மணிக்கு இரண்டாம் அறை கம்ப்ரசர் ட்ரிப் ஆகியிருக்கிறது. எனக்குத் தகவல் வந்தது ஐந்தரைக்கு. போய்ப் பார்த்தால் கதவோரம் இருந்த மூட்டைகள் வியர்த்திருந்தன. அதில் பாதி ஒரு விவசாயியின் சரக்கு. விலை ஏறட்டும் என்று ஐந்து மாதமாக எங்களை நம்பி வைத்திருந்தார். அவரிடம் போன் போட்டுச் சொன்ன அந்தக் காலையை நான் மறக்க மாட்டேன்.

வைஃபை, ஜிக்பீ இரண்டும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோப் பட்டையில் ஓடுகின்றன என்ற அளவுக்குத் தெரியும். அந்தப் பட்டைக்குள் ஜிக்பீ இருக்கும் துண்டு, அதாவது சேனல், 18. ரவுட்டர் ‘ஆட்டோ’வில் இருக்கிறது, இப்போது 6-ஐப் பிடித்திருக்கிறது. கேமரா மாட்டியவர் “பவர் கூடின டாங்கிள் வாங்கிப் போடுங்க” என்கிறார். அது சரியா? எங்கள் ஊரில் பங்குக் கிணற்றில் இன்னாருக்கு இன்ன நாள் தண்ணீர் என்று முறை உண்டு. காற்றில் அப்படி முறை வைப்பது யார்? யாராவது விவரமாகச் சொல்லுங்கள்.

ஹோம்லேப்_கோவை

கேமராக்களை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

கிட்டங்கிக்காரன்

அந்த கேமராக்களில் 2.4 மட்டும்தான் அண்ணா. இருந்தாலும், நடுவில் நுரை, இரண்டு பக்கமும் தகடு அடித்த பஃப் பேனல் சுவர்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அதைத் தாண்டி எங்கே போகும்?

அலையளப்பவள்

பத்து வருடமாக வயர்லெஸ் கருவிகளைச் சோதிக்கும் லேப்பில் இருக்கிறேன். உங்கள் மூட்டைக் கதையைப் படித்ததும் மனசு கேட்கவில்லை, அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் முறை பற்றி. வைஃபையும் ஜிக்பீயும் ‘கேட்டுவிட்டுப் பேசு’ என்ற ஒரே ஒழுங்கைத்தான் பின்பற்றுகின்றன. பேசும் முன் காற்றைக் கேட்கும். யாரோ பேசினால் கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்கும். காகிதத்தில் நியாயமாகத் தெரியும். நடப்பு வேறு.

வைஃபை இன்னொரு வைஃபையின் தொடக்க அடையாளத்தைக் கண்டுகொண்டால் மைனஸ் 82 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு, மைனஸ் எண் கூடக்கூடப் பலம் குறைவு) வரை இறங்கிய சிக்னலுக்கும் நின்று வழிவிடும். தனக்குப் புரியாத மொழியில் வரும் சிக்னல் என்றால், மைனஸ் 62 டிபிஎம்முக்கு மேல் இருந்தால்தான் மதிக்கும். நடுவில் உள்ள 20 டெசிபெல் என்பது நூறு மடங்கு. உங்கள் சென்சார் அனுப்புவது சுமார் 1 மில்லிவாட். ரவுட்டர் 100 மில்லிவாட் வரை. தகட்டுச் சுவரைத் தாண்டி வரும் சென்சாரின் குரல் ரவுட்டரைப் பொறுத்தவரை வெறும் இரைச்சல். சென்சாருக்கோ ரவுட்டர் நன்றாகக் கேட்கும், அதனால் பொறுத்துப் பொறுத்தே ஓய்ந்துபோகும். ஒருவர் மட்டும் வழிவிடுகிற பகிர்வு இது.

இரண்டாவது, வேகம். வைஃபை காத்திருப்பதை 9 மைக்ரோ வினாடித் துண்டுகளாக எண்ணுகிறது. ஜிக்பீயின் துண்டு 320 மைக்ரோ வினாடி. காற்று காலி என்று ஜிக்பீ முடிவெடுத்த பிறகும், கேட்கும் நிலையிலிருந்து பேசும் நிலைக்கு மாற அதற்கு 192 மைக்ரோ வினாடி வேண்டும். அந்த இடைவெளியில் வைஃபை புகுந்துவிடும். சாதாரண வீட்டில் வைஃபை பாதி நேரம் சும்மா இருப்பதால் இது தெரிவதில்லை. எட்டு கேமரா இரவும் பகலும் படம் அனுப்பினால் ஓய்வே கிடையாது. கடைசி மூலையில் சிக்னல் குறைவாக இருக்கும் கேமராவைப் பாருங்கள், அதுதான் பெரிய குற்றவாளி. தூரத்தில் இருப்பதால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதே படத்தை அனுப்பப் பக்கத்து கேமராவைப் போலப் பல மடங்கு நேரம் காற்றைப் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே கத்துவதில் பயனில்லை. டாங்கிள் பவரைக் கூட்டினால் டாங்கிள் பேசுவது சென்சாருக்குக் கேட்கும். சென்சார் பேசுவது டாங்கிளுக்குக் கேட்க அது உதவாது. பேட்டரிச் சென்சாரின் பவரை நீங்கள் கூட்ட முடியாது.

ஒதுங்கித்தான் போக வேண்டும். வைஃபை சேனல் 6-இன் நடுப்புள்ளி 2437 மெகாஹெர்ட்ஸ், அகலம் 20. அதாவது 2427 முதல் 2447 வரை. உங்கள் ஜிக்பீ 18 இருப்பது 2440-இல். நடுவீட்டில் பாய் விரித்துப் படுத்த மாதிரி. ஜிக்பீ 25 இருப்பது 2475-இல். வைஃபை 11 கூட 2472-உடன் முடிந்துவிடும். ரவுட்டரை 1-இல் நிறுத்துங்கள், ‘ஆட்டோ’ வேண்டவே வேண்டாம், அகலம் 20 மட்டும். ‘20/40’ என்று இருந்தால் மாற்றுங்கள். ஜிக்பீயை 25-க்குக் கொண்டுபோங்கள். 26 இன்னும் தள்ளி இருக்கிறது, ஆனால் பட்டையின் விளிம்பு என்பதால் சில கருவிகள் அதில் பவரைக் குறைத்துவிடும். எனக்கு 25 போதும்.

அப்புறம் ஒன்று, இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்: டாங்கிள் செருகியிருப்பது நீல நிற யுஎஸ்பி 3 துளையிலா? பக்கத்தில் ஹார்ட் டிஸ்க் இருக்கிறதா?

கிட்டங்கிக்காரன்

ஆமாம் அக்கா! கேமரா பதிவுக்கு வாங்கிய ஹார்ட் டிஸ்க் டாங்கிளுக்கு ஒட்டினாற்போல் நீலத் துளையில்தான் இருக்கிறது. அதுவும் கேமரா வந்த அதே நாளில்தான் வந்தது.

அலையளப்பவள்

அப்படியென்றால் இரண்டு நோய். யுஎஸ்பி 3 இணைப்பில் தரவு ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலேயே இரைச்சல் கசியும். இன்டெல் 2012-இலேயே இதை அளந்து வெளியிட்டது. அந்த இரைச்சல் டாங்கிளின் காதுக்குள்ளேயே ஊதுகிறது. எந்தச் சேனலுக்கு ஓடினாலும் கூடவே வரும். ஒன்றரை மீட்டர் யுஎஸ்பி 2 எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி டாங்கிளைத் தள்ளிச் சுவரில் மாட்டுங்கள். இதை இன்றைக்கே செய்யுங்கள், சேனல் மாற்றம் நாளைக்கு.

பிஎல்சி_பாண்டி

முறை வைப்பது யார் என்ற கேள்விக்கு என் பங்கு. 2.4 கிகாஹெர்ட்ஸை இந்திய அரசு 2005-இல் உரிமம் தேவையில்லாத பட்டையாக அறிவித்தபோதே நிபந்தனை தெளிவாக இருந்தது: யாருக்கும் தனியுரிமை இல்லை, அடுத்தவருக்கு இடைஞ்சல் தரக்கூடாது, உங்களுக்கு இடைஞ்சல் வந்தால் பாதுகாப்பும் கோர முடியாது. உங்கள் கிணற்றில் ஊர்ப் பெரியவர் கிடையாது.

பெரியவர் உள்ள கிணறும் உண்டு. அமெரிக்காவில் 3550 முதல் 3700 மெகாஹெர்ட்ஸ் வரை கடற்படை ராடாருக்கு முதல் உரிமை, ஏலத்தில் எடுத்தவர்களுக்கு அடுத்தது, மிச்சம் பொதுமக்களுக்கு. கடற்கரையோரம் உணர்கருவிகள் ராடாரைக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு கணினி அமைப்பு யார் எந்தச் சேனலில் இருக்கலாம் என்று கணக்கு வைத்து, ராடார் வந்தால் மற்றவர்களை நகர்த்தும். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையிலும் சில சேனல்களில் ரவுட்டர் ராடாரைக் கேட்டால் விலகி, அரை மணி நேரம் அந்தப் பக்கம் வரக்கூடாது. அதை மதிக்காத, தவறாக அமைத்த கருவிகளால் 2009-இல் புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் விமான நிலைய வானிலை ராடார் தடுமாறியது.

உங்களுக்கு அக்கா சொன்னதே வழி. இன்னொன்று: தகட்டு அறைக்குள் சென்சார் மட்டும் வைத்தால் போதாது. சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும், கரண்டில் ஓடும் ஜிக்பீ ரிப்பீட்டர் ஒன்றை ஒவ்வொரு அறைக் கதவுக்கும் உள்ளே வையுங்கள்.

கிட்டங்கிக்காரன்

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன்.

கேபிளைப் போட்ட அன்றே பாதி சரியாகிவிட்டது. அடுத்த நாள் சேனலை 25-க்கு மாற்றினேன். ஒன்பது சென்சார் தானே வந்து சேர்ந்தன. ஐந்து தூக்கத்தில் இருந்ததாலோ என்னவோ வரவில்லை. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உள்ளே போய், மூட்டை அடுக்கின் மேல் ஏறி, ஒவ்வொன்றின் மூடியையும் கழற்றித் திரும்பச் சேர்த்தேன். ஆறு டிகிரியில் அந்தச் சின்னப் பட்டனை அழுத்த விரல் மடங்கவில்லை. சேனலை ஆரம்பத்திலேயே யோசித்து வைக்க வேண்டும் என்று புதிதாகப் போடுபவர்களுக்குச் சொல்கிறேன்.

கதவுக்குள் ரிப்பீட்டர் வைத்தபின் மூன்றாம் அறையும் தெளிவு. மூலை கேமராவுக்கு மட்டும் லேன் கேபிள் இழுத்துவிட்டேன்.

போனில் ஸ்கேன் செய்தபோது பக்கத்துப் பருப்பு மில்லின் வைஃபை சேனல் 3-இல் இருப்பது தெரிந்தது. என் 1-இன் மேல் பாதி படுகிறது. அப்படிப் பாதி படும்போது ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியாது, வழிவிடவும் மாட்டார்கள் என்று அக்கா தனிச் செய்தியில் சொன்னார். நேற்று சாயங்காலம் மில்லுக்குப் போனேன். அண்ணாச்சி டீ வாங்கிக் கொடுத்து, “உங்களுக்கு எது தோதோ அதில் வைங்க தம்பி” என்று ரவுட்டரின் பாஸ்வேர்டையே கொடுத்துவிட்டார். 6-இல் நிறுத்திவிட்டு, அவருடைய பில்லிங் கம்ப்யூட்டரில் இணைப்பு ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

நேற்று ராத்திரி முழுக்க 14 சென்சாரும் ஒரு வாசிப்புகூட விடவில்லை. வத்தல் போட்டிருந்த அந்த விவசாயியையும் கூட்டிவந்து திரையில் காட்டினேன். மூட்டையை எடுத்துப் போகவில்லை, இன்னும் இரண்டு மாதம் இருக்கட்டும் என்றார்.