புதுப்பிப்பு: 9.81 பிரச்சினை

போன மாதம் புலம்பியிருந்தேன்: எங்கள் சிறிய கல்லூரியில் முதலாமாண்டு மாணவர் அத்தனை பேரின் ஊசல் பரிசோதனையிலும் புவியீர்ப்பு ஆர்முடுகல் (விழும் பொருளின் வேகம் செக்கனுக்குச் செக்கன் கூடும் அளவு) பாடநூலில் உள்ளபடியே அச்சொட்டாக 9.81 என்று வந்திருந்தது. புள்ளியைக் குறைப்பதா என்று உங்களிடம் கேட்டிருந்தேன்.

குறைக்கவில்லை. “கொழும்பில் உண்மையான பெறுமானம் கிட்டத்தட்ட 9.78. எனக்கு அதை நிரூபித்துக் காட்டுங்கள்” என்றேன். புவி சுழல்வதாலும் நடுவில் சற்றுப் பருத்திருப்பதாலும் மத்திய கோட்டுக்கு அருகே இந்தப் பெறுமானம் குறைகிறது.

ஊசலின் நீளத்தையும் அது ஒருமுறை போய்வரும் (அலைவு) நேரத்தையும் கொண்டுதான் இதைக் கணிக்கிறோம். ஆனால் ஒரு மீற்றர் ஊசலின் ஓர் அலைவு நேரத்தில் 9.81க்கும் 9.78க்கும் உள்ள வேறுபாடு 0.003 செக்கன்தான், கை தடுமாறினாலே அதைவிடக் கூடுதலாகப் பிழைக்கும். ஆகவே 100 அலைவுகள். அப்போது வேறுபாடு 0.3 செக்கன். புறக்கோட்டையில் வாங்கிய தூண்டில் நரம்பில் குண்டைக் கட்டினோம். காற்று பட்டால் ஊசல் வட்டமடிக்கும் என்பதால் மின்விசிறிக்கும் ஓய்வு. ஏப்ரல் வெயிலில் அது எப்படியிருக்கும் என்று கொழும்புக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு பிள்ளை 87இல் எண்ணிக்கையைத் தவறவிட்டு, கண் கலங்க, முதலிலிருந்து தொடங்கினாள்.

விடைகள் 9.76 முதல் 9.80 வரை வந்தன. ஒரு குழுவுக்கு மட்டும் 9.92. நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்காமல் அடிவரை அளந்திருந்தார்கள். அதை அவர்களே கண்டுபிடித்தார்கள். அந்த அறிக்கைக்குத்தான் கூடிய புள்ளி கொடுத்தேன்.

இப்போது கேள்வி வேறு: “சேர், நுவரெலியாவில் இன்னும் குறையுமா?” குறையும், அது மலைமேல் உயரத்தில் இருக்கிறதே. பஸ் செலவுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.