ஏற்காட்டு வீட்டுக்கு ரூ.70,000-க்குள் கேமிங் கணினி: எந்தப் பாகத்தில் பணத்தைப் போடுவது?

கேள்வி: நாகலூர் வாசகர்

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டை அடுத்த நாகலூரில் குடியிருக்கிறேன், வேலை சேலத்தில். வீட்டுக்கு ஒரு கேமிங் கணினி அசெம்பிள் செய்ய விரும்புகிறேன். யூபிஎஸ்ஸையும் சேர்த்து ரூ.70,000 வரை செலவிட முடியும். 1080பி மானிட்டரும் கீபோர்டும் மவுசும் ஏற்கெனவே இருக்கின்றன. நானும் தம்பியும் வேலோரன்ட், ஜிடிஏ 5 விளையாடுவோம். புதிதாக வரும் பெரிய விளையாட்டுகள் நடுத்தர அமைப்பில் தடங்கலின்றி ஓடினால் போதும். தம்பி கல்லூரிப் படிப்போடு பிளெண்டரும் (முப்பரிமாணப் படங்கள் உருவாக்கும் மென்பொருள்) கற்றுக்கொண்டிருக்கிறான்.

ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் கொடுத்த கொட்டேஷன் இது: இன்டெல் ஐ7-12700எஃப் பிராசசர், எச்610 மதர்போர்டு, 16 ஜிபி ரேம் ஒரே குச்சியாக, 512 ஜிபி எஸ்எஸ்டி, 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு, கேபினெட்டோடு சேர்ந்தே வரும் ‘500 வாட்’ எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் வழங்கும் பெட்டி). ஐ7 போட்டுவிட்டால் பல ஆண்டுகளுக்குக் கவலையில்லை என்கிறார் கடைக்காரர். எங்கள் பகுதியில் கரண்ட் அடிக்கடி போய் வரும். கோடை மழையின்போது இடியும் அதிகம். இப்போதுள்ள பழைய கணினியின் கேபினெட்டைத் தொட்டால் கையில் சுருக்கென்று லேசாக ஷாக் அடிக்கிறது. இந்தக் கொட்டேஷனை ஏற்கலாமா?

மறுமொழி: அஸ்தம்பட்டி வாசகர்

இந்தக் கொட்டேஷனை ஏற்க வேண்டாம். அதிலுள்ள எந்தப் பாகமும் போலியானது என்று சொல்லவில்லை. பணம் தவறான இடத்தில் குவிந்திருக்கிறது. 12700எஃப் 12 கோர்களும் (கணக்கிடும் அலகுகள்) 20 த்ரெட்களும் (ஒரே நேரத்தில் நடத்தக்கூடிய வேலைத்தொடர்கள்) கொண்ட நல்ல பிராசசர்தான். ஆனால் 1080பி-யில் புதிய விளையாட்டு ஒன்றை ஓட்டும்போது படத்தை வரைந்து தள்ளும் சுமை பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டின் மீதே விழுகிறது. 2019-இல் வெளிவந்த 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1650 திணறிக்கொண்டிருக்கும்போது, அதன் பக்கத்தில் 12 கோர்கள் பாதி வேலையின்றிக் காத்திருக்கும். இன்றைய பெரிய விளையாட்டுகள் பலவற்றுக்கு 4 ஜிபி கிராபிக்ஸ் நினைவகம் போதவே போதாது.

கேமிங்குக்கென்று கணினி வாங்குகிறவர் முதலில் கிராபிக்ஸ் கார்டை முடிவு செய்ய வேண்டும். மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் அதற்கு ஒதுக்கிவிட்டு, மீதியில்தான் மற்றவற்றைப் பார்க்க வேண்டும். பிராசசருக்கு ரைசன் 5 5600 அல்லது ஐ5-12400எஃப் போதும். இரண்டுமே 2022-இல் வந்தவை, இரண்டுமே 6 கோர்களும் 12 த்ரெட்களும் கொண்டவை. உங்கள் தேவைக்கு இவற்றுள் எது மலிவாகக் கிடைக்கிறதோ அதை எடுக்கலாம். பெட்டியோடு வரும் கூலரே இவற்றுக்குப் போதுமானது என்பதால் அந்தச் செலவும் மிச்சம். 5600-க்குப் பதில் 5600ஜி இருக்கிறது என்று கடையில் சொன்னால் மறுத்துவிடுங்கள். அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் உண்டு, ஆனால் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் விரைவு நினைவகம்) 32 எம்பி-க்குப் பதில் 16 எம்பி-தான். தனி கிராபிக்ஸ் கார்டு போடுகிறவருக்கு அது நஷ்டம்.

கிராபிக்ஸ் கார்டில் 8 ஜிபி-க்குக் கீழே இறங்காதீர்கள். ஆர்எக்ஸ் 6600 இந்தத் தொகைக்குள் நியாயமான தேர்வு. பெயரில் நெருக்கமாக இருப்பதால் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-யைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அது 4 பிசிஐஇ லேன்களோடும் (மதர்போர்டோடு தரவு போய்வரும் பாதைகள்), பெரும்பாலும் 4 ஜிபி நினைவகத்தோடும் வரும் கார்டு, வீடியோ பதிவுக்கான என்கோடரும் அதில் கிடையாது.

ரேம் 16 ஜிபி என்றால் 8 ஜிபி குச்சி இரண்டாக வாங்குங்கள். ஒரே குச்சியில் டூயல் சேனல் (ஒரே நேரத்தில் இரு வழிகளில் தரவு போய்வருவது) கிடைக்காது, விளையாட்டில் அந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். 3200 வேகம் என்று எழுதிய ரேமை மாட்டினால் மட்டும் எப்போதும் அந்த வேகத்தில் ஓடிவிடாது. பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி-யை (ரேமை அதில் எழுதிய வேகத்தில் ஓட்டும் அமைப்பு) இயக்கச் சொல்லுங்கள், பல கடைகளில் அதைச் செய்யாமலே கொடுத்துவிடுகிறார்கள். 2025 இறுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியதிலிருந்து பழைய பட்ஜெட் கணக்குகள் எதுவும் பொருந்துவதில்லை என்பதால், கொட்டேஷனில் ரேமின் விலையைத் தனியாக எழுதித் தரச் சொல்லிக் கேட்பது நல்லது.

மறுமொழி: சேர்வராயன் மலைவாசி

மேலே சொன்னவை எல்லாம் சரி. நான் மின்சாரப் பணி செய்பவன், நாகலூரிலும் வேலை பார்த்திருக்கிறேன். ஆகவே எஸ்எம்பிஎஸ்ஸையும் எர்த்திங்கையும் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கேபினெட்டோடு வரும் எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கரில் 500 வாட் என்று பெரிதாக எழுதியிருக்கும். அதைப் பார்க்காதீர்கள், 12 வோல்ட் என்ற கட்டத்துக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 ஆம்பியர் என்றிருந்தால் 12-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், 216 வாட்தான் வரும். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் இழுப்பது இந்த 12 வோல்ட்டிலிருந்துதான். நேர்மையான 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த இடத்தில் 45 ஆம்பியர் அளவுக்கு இருக்கும். 80 பிளஸ் பிரான்ஸ் என்ற மின்திறன் சான்று உள்ள, தனிப் பெட்டியில் வரும், கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் வயர் சொந்தமாகவே உள்ள எஸ்எம்பிஎஸ்ஸை வாங்குங்கள். மலிவான ஒன்று பழுதாகும்போது தன்னோடு மதர்போர்டையும் கார்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விடக்கூடும்.

உங்கள் பழைய கணினியில் ஷாக் அடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் கணினியில் இல்லை, வீட்டில் இருக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே மின் இரைச்சலை வடிகட்டும் சிறு கெபாசிட்டர்கள் லைனுக்கும் கேபினெட்டுக்கும் இடையிலும், நியூட்ரலுக்கும் கேபினெட்டுக்கும் இடையிலும் இணைக்கப்பட்டிருக்கும். எர்த் சரியாக இருந்தால் அவற்றின் வழியே கசியும் நுண்ணிய மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் அறுந்திருந்தால் கேபினெட்டின் தகடு 230 வோல்ட்டில் ஏறத்தாழப் பாதி அளவில் மிதந்துகொண்டு, தொடுகிறவர் கையைச் சுருக்கென்று இழுக்கும். புதுக் கணினியை வைத்தாலும் அதே பிளக்கில் அதுவும் ஷாக் அடிக்கத்தான் செய்யும்.

எனவே கணினி வாங்குவதற்கு முன்பே ஓர் எலக்ட்ரீஷியனை அழைத்து, பிளக் பாயிண்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே எத்தனை வோல்ட் இருக்கிறது என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. பத்து, இருபது என்று காட்டினால் வயரிங்கிலோ எர்த் குழியிலோ கோளாறு. நம் மலையில் சார்னோகைட் பாறை மண்ணுக்குக் கொஞ்சம் கீழேயே வந்துவிடுகிறது. பாறையில் அடித்த கம்பி எர்த்தாகாது. மண் ஆழமாகவும் ஈரமாகவும் உள்ள இடத்தை, குளியலறைத் தண்ணீர் போகும் பக்கமாக இருந்தாலும் சரி, தேர்ந்தெடுத்துக் குழி எடுத்து, ஜிஐ பைப்பை இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூட வேண்டும். கோடையில் அந்தக் குழிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கணினிக்கு ரூ.70,000 செலவிடுகிறவர் இதை விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

யூபிஎஸ்ஸில் 600 விஏ (யூபிஎஸ்ஸின் திறனைக் குறிக்கும் அலகு) என்பது பெரும்பாலும் 360 வாட்தான். விளையாடும்போது உங்கள் கணினியும் மானிட்டரும் சேர்ந்து 300 வாட்டை நெருங்கலாம் என்பதால், 600 வாட் தரும் 1 கேவிஏ (1,000 விஏ) யூபிஎஸ் பொருத்தமானது. இடி இடிக்கத் தொடங்கினால் ஸ்பைக் கார்டை (திடீர் மின்னழுத்த உயர்வைத் தடுக்கும் பிளக் பலகை) நம்பாமல் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். இன்டர்நெட் செம்புக் கம்பியில் வருகிறதென்றால் அந்த வயரையும் கழற்றுங்கள்.

மறுமொழி: சூரமங்கலம் வாசகர்

தம்பி பிளெண்டர் கற்கிறார் என்ற செய்தியை முதல் மறுமொழி கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். விளையாட்டுக்கு மட்டும் என்றால் ஆர்எக்ஸ் 6600-ஐ நானும் ஏற்பேன். ஆனால் பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரில் (காட்சியை இறுதிப் படமாக்கும் பகுதி) என்விடியா கார்டுகளுக்கான ஆப்டிக்ஸ் வழி தெளிவாக வேகமானது. ஆகவே சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாவது என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 எடுப்பதே சரி. அதன் மின்தேவை 115 வாட், 6600-க்கோ 132 வாட். யூபிஎஸ்ஸுக்கும் அதுவே இலகு. 12 ஜிபி நினைவகம் உள்ள ஆர்டிஎக்ஸ் 3060 பெரிய காட்சிகளைத் தாங்கும், ஆனால் 170 வாட் இழுக்கும். கற்கும் நிலையில் இருக்கிறவருக்கு 8 ஜிபி போதும் என்றே கருதுகிறேன்.

ஏஎம்5 (ஏஎம்டி பிராசசர்களுக்கான புதிய பொருத்து வகை) மதர்போர்டு வாங்கினால் பிற்காலத்தில் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பது உண்மைதான்; 2027-உம் அதற்கு அப்பாலும் அதற்கு ஆதரவு உண்டு என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. ஆனால் அது டிடிஆர்5 என்ற புதிய தலைமுறை ரேமை மட்டுமே ஏற்கும் என்பதால், இன்றைய ரேம் விலையில் கிராபிக்ஸ் கார்டுக்கான பணத்தை அது விழுங்கிவிடும். ரைசன் 5600-ஐப் பி550 மதர்போர்டில் போடுங்கள். 4060 கார்டு 8 லேன்களையே பயன்படுத்துவதால், வேகமான பிசிஐஇ 4.0 உள்ள பி550, பழைய பி450 மதர்போர்டை விட அதற்கு ஏற்றது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எர்த்தை அளந்து பார்த்ததில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே முப்பது வோல்ட்டுக்கு மேல் காட்டியது. புதுக் குழி எடுக்க ஏற்பாடு செய்துவிட்டேன். 5600, பி550, 8 ஜிபி ரேம் இரண்டு, ஆர்டிஎக்ஸ் 4060, 550 வாட் பிரான்ஸ் எஸ்எம்பிஎஸ் என்று முடிவு செய்திருக்கிறேன். எஸ்எஸ்டி-யை 500 ஜிபி-யோடு நிறுத்திக்கொண்டு, வண்ண விளக்கு இல்லாத, முன்பக்கம் வலையுள்ள கேபினெட்டை எடுத்தால் தொகைக்குள் அடங்குகிறது. ஒரே ஓர் ஐயம்: மலையின் குளிரும் பனிமூட்டமும் கணினிக்குக் கெடுதலா? சேலத்தில் அசெம்பிள் செய்து மேலே கொண்டுவரலாமா?

மறுமொழி: சேர்வராயன் மலைவாசி

குளிர் நல்லதுதான். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு என்பதால் ஃபேன் வெளியேற்றும் வெப்பமும் சற்றுக் குறையும். ஆனால் சேலத்தைவிட இங்கே ஏறத்தாழ 8 டிகிரி குளிர்ச்சியாக இருப்பதால் அது ஈடாகிவிடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் ஈரம் படியாது. நாள்கணக்கில் அணைத்தே வைத்திருப்பதுதான் கெடுதல். மழைக்காலத்தில் தினமும் சிறிது நேரமாவது இயக்குங்கள், தரையிலும் வெளிச்சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். பின்னொரு நாள் பழுதுபார்க்கக் கீழே கொண்டுபோனால், குளிர்ந்த பாகங்களின் மீது சேலத்தின் ஈரக்காற்று நீராகப் படியக்கூடும். ஓரிரு மணி நேரம் கழித்தே இயக்கச் சொல்லுங்கள்.

கடையிலேயே அசெம்பிள் செய்து, அங்கேயே ஒரு மணி நேரம் விளையாட்டை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். பிறகு கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி அதன் சொந்தப் பெட்டியில் தனியாகக் கொண்டுவாருங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் அந்தக் கார்டின் எடையை மதர்போர்டின் ஸ்லாட் தாங்க வேண்டிய தேவையில்லை. ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் ஜிஎஸ்டி பில்லில் எழுதப்பட்டிருக்கிறதா என்று கடையை விட்டுக் கிளம்புமுன் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.