Re: [கலைச்சொல்] முன்னால் வராமல் அடுத்தவர் பின்சக்கரத்திலேயே ஒட்டிக்கொண்டிருப்பவருக்கு ஒரு சொல் (வெள்ளிக்குள் வேண்டும்)

ம. | 8 ஏப்ரல் 2025

குழுவினருக்கு வணக்கம்.

வரும் ஞாயிறு பிரான்சில் பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயம். அதற்கு முன் தமிழ் வாசகருக்கு ஒரு நீண்ட அறிமுகம் எழுதித்தர ஒப்புக்கொண்டிருக்கிறேன், வெள்ளி இரவுக்குள் அனுப்பியாக வேண்டும். யார் வெல்வார், யார் எப்படிப்பட்ட ஆள் என்பதுதான் அதில் பாதி. திரள், கல்பாதை, காற்றுமறைவு எல்லாம் இங்கே முன்பே பேசி முடித்தவை. மாட்டிக்கொண்டு நிற்பது 'வீல் சக்கர்' (wheelsucker) என்ற ஆங்கிலச் சொல். முன்னால் போகிறவர் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு மிதிக்க, இவர் அவருடைய பின்சக்கரத்தை விடாமல் பிடித்து, தன் முறை வந்தாலும் முன்னுக்கு வராமல், கடைசி இருநூறு மீட்டரில் பாய்கிறவர். பிரெஞ்சு, இத்தாலியம், டச்சு மூன்றிலும் சக்கரத்தை உறிஞ்சுபவர் என்றுதான் சொல்கிறார்கள். 'சக்கர உறிஞ்சி' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

இ. | 8 ஏப்ரல்

தம்பி ம.வுக்கு,

சொல் நம்மிடமே இருக்கிறது. 'கடலோடா கால்வல் நெடுந்தேர்' என்ற குறளில் கால் என்பது சக்கரம். அதே கால் காற்றுக்கும் பெயர். மிதிக்கிற உறுப்புக்கும் பெயர். இந்தப் பந்தயத்தில் இருப்பவை இந்த மூன்றும்தானே! முன்னவரின் காலை (சக்கரத்தை) ஒட்டி, காலிலிருந்து (காற்றிலிருந்து) தப்பி, தன் காலை (தொடையை) மிச்சப்படுத்துகிறவன் காலொட்டி. மூன்றுக்கும் வேர் இயக்கம்தான். வாய்க்காலில் நீர் இயங்குகிறது, ஒளி காலுதல் என்கிறோம், பந்தற்கால் மட்டும் நிற்கிறதே என்பீர்கள், அது உறுப்பின் உவமையால் வந்த பொருள். காலம் என்ற சொல்லையும் இங்கே கொண்டுவரலாம், அது வடசொல் என்பாரோடு எனக்கு நெடுநாளாக வழக்கு உண்டு, அதைத் தனி இழையில் எழுதுகிறேன்.

ந. | 9 ஏப்ரல்

இ. ஐயா, ரசித்துப் படித்தேன். ஆனால் 'காலொட்டி' என்று படிக்கிற பத்தாம் வகுப்புப் பையனுக்கு வேட்டியில் ஒட்டிக்கொள்ளும் நாயுருவிதான் நினைவுக்கு வரும். கால் என்றால் சக்கரம் என்று உரையில்லாமல் யாருக்குத் தெரியும்? இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 'காலொட்டி வென்றார்' என்றால் எச்சமா பெயரா?

என் பரிந்துரை ஓசிக்காற்று, ஓசிக்காற்றுக்காரர். கேட்ட நொடியில் புரியும். 2012 மிலான்–சான் ரெமோ பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போஜ்ஜியோ மேட்டில் நிபாலி, ஜெரான்ஸ், கான்செல்லாரா மூவரும் பிரிந்தார்கள். இறக்கத்திலும் அதன் பிறகும் பெரும்பாலும் முன்னால் நின்று இழுத்தவர் கான்செல்லாரா, கோட்டை முதலில் தொட்டவர் ஜெரான்ஸ். தெருவில் இதை வேறு எப்படிச் சொல்வோம்?

இ. | 9 ஏப்ரல்

ஓசி கும்பெனிக் காலத்து ஆங்கில எழுத்துச் சுருக்கம் என்பார்கள். கலைச்சொல் ஆக்க வந்த குழுவில் அதை ஏற்க மாட்டேன். தவிர, தொழிற்பெயரும் வினையாலணையும் பெயரும் ஆக இடம் தராத சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஓசித்தான், ஓசிக்கிறான் என்பீர்களா?

க. | 9 ஏப்ரல்

'ஒண்டி'யை யோசித்தேன். மழைக்கு ஒண்டுகிற மாதிரி காற்றுக்கு ஒண்டுகிறவர், பொருள் அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் பேச்சில் ஒண்டியாகப் போனான் என்றால் தனியாகப் போனான். திரளை விட்டுத் தன்னந்தனியாகப் பாய்கிறவருக்கும் அடுத்தவர் முதுகுக்குப் பின் ஒளிகிறவருக்கும் ஒரே சொல் வந்துவிடும், எனவே கைவிட்டேன்.

அப்புறம் 'நிழலோட்டி'. நெதர்லாந்தின் யோப் ஸூட்டமெல்க் எப்போதும் பெல்ஜிய வீரர் எட்டி மெர்க்ஸின் நிழலிலேயே ஓடியதால் டூர் டி பிரான்ஸ் முடிந்தும் வெயிலில் கறுக்காமல் வெளுத்தே திரும்புவார் என்று ஒரு கேலி உண்டு. அந்த மனிதர் 1980இல் டூர் வென்றார், 1985இல் 38 வயதில் உலகப் பட்டம், 1987இல் 40 வயதில் ஆம்ஸ்டெல் கோல்டு பந்தயம். இவ்வளவுக்குப் பிறகும் கேலிதான் நிற்கிறது. அதனால்தான் சொல்கிறேன், பழி ஏறிய சொல்லை ஒருவர் மேல் எழுதும்முன் யோசிக்க வேண்டும்.

சி. (பிரான்சிலிருந்து) | 10 ஏப்ரல்

க. அக்கா சொன்னதுதான் முக்கியம். பின்னால் இருப்பதெல்லாம் குணம் இல்லை. 2011 ரூபேயில் கான்செல்லாரா இழுக்கச் சொல்லிக் கையைக் காட்டிக்கொண்டே இருந்தார், ஹூஷோவ்த் அசையவில்லை. ஏன் அசைய வேண்டும்? அவருடைய அணித் தோழர் வான்சம்மரன் முன்னால் போய்க்கொண்டிருந்தார், வென்றதும் அவர்தான். அதற்கு ஒரு வாரம் முந்திய ஃபிளாண்டர்ஸ் பந்தயத்திலும் அதே கதை. அணித் தலைவர் போனன் பின்னால் இருந்தபடியால் ஷவனெல் கான்செல்லாராவின் சக்கரத்தில் சும்மா இருந்தார். கணிப்புச் சொல்கிறவன் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: இந்த ஆள் பின்னால் நிற்பது இயல்பாலா, அணிக்காகவா, இல்லை காலில் ஒன்றும் மிச்சம் இல்லாமலா? மூன்றையும் ஒரு வசவுக்குள் அடைத்தால் கணிப்பே பிழைக்கும். போன புதன் (2ஆம் தேதி) ட்வார்ஸ் டோர் ஃபிளாண்டரன் பந்தயத்தில் பவுலஸைப் பாருங்கள். முன்னால் நான்கு பேர், மூன்று பேர் ஒரே அணி, இவர் தனி ஆள். கடைசியில் வான் ஆர்ட்டை ஸ்பிரின்டில் அடித்தார். அவரை ஓசிக்காரர் என்பது அநியாயம்.

சொல்லுக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தில் நாங்கள் சைக்கிள் 'ஓடுறது' என்றுதான் சொல்வோம், 'ஓட்டுறது' இல்லை. கடலோடி, நாடோடி, முன்னோடி எல்லாம் இருக்கே, அப்போ 'பின்னோடி'? முன்னோடி தெரிந்த எவருக்கும் விளக்கம் வேண்டாம், பழியும் இல்லை.

இ. | 10 ஏப்ரல்

அமைப்பு சரி, மறுக்க மாட்டேன். ஆனால் நான் காட்டிய குறளில் ஓடுவது தேர், தேரில் இருப்பவன் அல்லன், ஆகவே வள்ளுவரை உங்கள் ஊர் வழக்குக்குச் சாட்சியாக அழைக்க முடியாது. மேலும் பின்னோடி என்றால் கடைசியாக வருபவன் என்று கொள்வார்கள். 200 பேருக்குப் பின்னால் களைத்துத் தள்ளாடி வருகிறவனையும் வெற்றியைக் குறிவைத்து இரண்டாவதாக அமர்ந்திருப்பவனையும் எப்படிப் பிரிப்பீர்கள்?

சி. | 10 ஏப்ரல்

ஐயா, கடைசியாக வருபவருக்குக் 'கடையோடி' வைத்துக்கொள்ளலாம். ஓடி வரிசை எவ்வளவும் நீளும்.

ந. | 10 ஏப்ரல்

அப்படியே விட்டால் முன்னோடி, பின்னோடி, கடையோடி, தனியோடி என்று வாசகர் அட்டவணை போட்டுப் படிக்க வேண்டியிருக்கும். மேலும் வசவு போய்விட்டால் சொல்லின் உயிரே போய்விட்டது. பந்தயத்தில் ஒருவர் இன்னொருவரைப் பார்த்துக் கத்துகிற சொல் இது. பின்னோடி என்று யார் கத்துவார்கள்?

ம. | 11 ஏப்ரல், இரவு

இன்றைக்கு முடித்தாக வேண்டும். பின்னோடிக்கு ஐந்து பேர், காலொட்டிக்கு இருவர், ஓசிக்காற்றுக்காரருக்கு ஒருவர், மற்றவர்கள் பதில் எழுதவில்லை. கட்டுரையில் 'பின்னோடி' போடுகிறேன், முதல் இடத்தில் மட்டும் 'அடுத்தவர் சக்கரத்திலேயே ஒட்டிக்கொண்டு வருபவர்' என்ற விளக்கத்தோடு. க. அக்கா சொன்னபடி எந்த வீரரின் பெயருக்கு முன்னும் அதை அடைமொழியாக வைக்கவில்லை.

கேட்டவர்களுக்காக என் கணிப்பு: வான் டெர் பூல். 2023, 2024 இரண்டும் அவருடையவை. பொகாச்சர் போன ஞாயிறு ஃபிளாண்டர்ஸில் எல்லோரையும் உதறிவிட்டுப் போனார், ஆனால் ரூபேயில் ஏறுவதற்கு மேடு இல்லை. உதறத் தெரிந்தவருக்கு உதற இடம் இருக்காது.

சி. | 11 ஏப்ரல்

நான் பொகாச்சர். யாருக்குப் பின்னாலும் சும்மா இருக்க அவருக்குத் தெரியாது. அதுவே ஆபத்தும்தான், ஆனாலும் அவர்தான்.

ந. | 14 ஏப்ரல்

அனைவருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். ம., உங்கள் கணிப்பு பலித்தது, வான் டெர் பூலுக்கு தொடர்ந்து மூன்றாவது ரூபே. சி. சொன்னதும் பாதி பலித்தது. பொகாச்சர் ஒளியவே இல்லை, முடிய 38 கி.மீ. இருக்கும்போது வேகம் குறைக்காமல் வளைவுக்குள் போய் விழுந்தார், ஆனாலும் எழுந்து இரண்டாவதாக வந்தார். அதுவரை இருவரும் முறை போட்டு இழுத்தார்கள். ஆக, மூன்று நாள் சண்டை போட்டுக் கண்டுபிடித்த சொல்லுக்கு முன்னணியில் வேலையே வரவில்லை.

கட்டுரையைப் படித்தேன், நன்றாக இருக்கிறது. பின்னோடியை இன்னும் ஏற்கவில்லை. ஞாயிறு லியேஜ்–பாஸ்டோன்–லியேஜுக்கு முன் ஆம்ஸ்டெல்லும் ஃப்ளெஷ் வலோனும் வருகின்றன. யாராவது ஒருவர் ஒட்டிக்கொண்டே வந்து வெல்லட்டும், அன்றைக்கு இந்த இழையை மறுபடி திறக்கிறேன்.

இ. | 14 ஏப்ரல்

லியேஜ் 27ஆம் தேதி, அடுத்த ஞாயிறு ஆம்ஸ்டெல். காலொட்டிக்கு என் வாக்கு அப்படியே இருக்கட்டும். பட்டியலில் பின்னோடிக்குப் பக்கத்தில் அதையும் ஏற்றிவையுங்கள்.