ஒன்பது நாளில் 68 சதவீதமா? யார் காதில் பூ?

கரிசல்காட்டான்:
நேற்று 'மாரடைப்புக்குப் பின் உணவு' இழையில் வைகைக்கரை போகிற போக்கில் எழுதியது: "ஸ்டெம் செல் ஊசி போட்டால் செத்த இதயத் தசையில் 68 சதவீதம் ஒன்பதே நாளில் வளர்ந்துவிடும், ஹார்வர்டே நிரூபித்தது." நாலு பேர் கைதட்டல் வேறு. ஐயா, அந்த 68 சுண்டெலிக்கு! 2001-ல் நேச்சர் இதழில் பியெரோ அன்வெர்சா குழு எழுதிய கணக்கு. 2004-ல் அதே நேச்சரில் வேறு இரண்டு குழுக்கள், எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த ஸ்டெம் செல், அதாவது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய செல், இதயத் தசையாக மாறவே இல்லை என்று எழுதின. 2018-ல் ஹார்வர்டே அவர் ஆய்வகத்தின் 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறச் சொன்னது.

வைகைக்கரை:
வந்துவிட்டார் நாட்டாமை. 2001-ல் அன்வெர்சா ஹார்வர்டிலேயே இல்லை, நியூயார்க் மெடிக்கல் காலேஜில் இருந்தார். அரைகுறையாகப் படித்துவிட்டு வரக்கூடாது.

கரிசல்காட்டான்:
ஹார்வர்ட் என்று எழுதியதே நீங்கள்தானே! 68 எங்கே?

சொல்லேருழவன்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். 'குருத்தணு' என்ற நல்ல சொல் இருக்க, இருவரும் ஏன் ஸ்டெம் செல் என்றே எழுதுகிறீர்கள்?

வைகைக்கரை:
மனிதனுக்கு ஆதாரம் வேண்டுமா? ஜெர்மனியில் ஹானோவரில் நடந்த பூஸ்ட் ஆய்வு, 2004. மஜ்ஜை செல் செலுத்தியவர்களுக்கு ஆறு மாதத்தில் ஈ.எஃப்., அதாவது இதயம் ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம், 6.7 புள்ளி ஏறியது, மற்றவர்களுக்கு 0.7 தான். இதற்கு என்ன பதில்?

கரிசல்காட்டான்:
பாதிப் படத்தில் எழுந்து வந்துவிட்டீர்கள். 18 மாதத்தில் மற்றவர்களுக்கும் ஏறி, இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல் போனது. போகட்டும், 6.7 எங்கே, 68 எங்கே? புள்ளியை அழித்துவிட்டுப் படித்தீர்களா?

துறைமுக மெக்கானிக்:
அண்ணாச்சிகளே, முதலில் 'சரியாவது' என்று எதைச் சொல்கிறீர்கள்? புதுத் தசை முளைப்பதா, தழும்பு சுருங்குவதா, பம்ப் அடிக்கும் வேகம் கூடுவதா? மூன்றும் வேறு வேறு. ஊசி போட்ட செல் செத்த பிறகும், அது கிளப்பிவிட்ட அழற்சியால் தழும்பு கொஞ்சம் இறுகி நன்மை நடக்கிறது என்று எலியில் காட்டியிருக்கிறார்கள்.

கரிசல்காட்டான்:
அதெல்லாம் இருக்கட்டும், 68-க்கு வாருங்கள். அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் விட்ட கார்பன்-14-ஐ வைத்து இதயச் செல்லின் வயதையே கணக்கிட்டார்கள், 2009-ல். 25 வயதில் ஆண்டுக்கு ஒரு சதவீதம்தான் புதிதாகிறது, 75 வயதில் அதில் பாதிகூட இல்லை. இவர் ஒன்பது நாளில் 68 தருகிறார்! கீரைப்பாத்தியா ஐயா அது?

வைகைக்கரை:
எங்கள் பெரியப்பாவுக்கு நாலு லட்சம் கட்டி ஊசி போட்டோம். இன்று மாடி ஏறுகிறார். உங்கள் கார்பன் வந்து ஏறுமா?

கரிசல்காட்டான்:
அதே மாதம் அவருக்கு ஸ்டென்ட் வைத்ததாக இதே வாயால் சொன்னீர்கள். பழைய பதிவைத் தேடி எடுத்துப் போடவா? இன்னொன்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல்படி இதயத்துக்கு இந்த ஊசி அனுமதி பெற்ற ஆய்வில் மட்டும்தான் போடலாம். ஆய்வில் சேர்ந்தவரிடம் எவன் நாலு லட்சம் வாங்குவான்?

வைகைக்கரை:
எங்கள் குடும்ப விஷயத்தை இழுக்க வேண்டாம். போன வருஷம் இட்லி அரிசி சண்டையில் தோற்ற வயிற்றெரிச்சல் உங்களுக்கு இன்னும் தீரவில்லை.

கரிசல்காட்டான்:
அதில் தோற்றது யார் என்று ஊருக்கே தெரியும். புழுங்கல்தான் சரி.

துறைமுக மெக்கானிக்:
யாராவது கேட்கிறீர்களா? இப்போது வேலை நடப்பது வேறு பாதையில். ஐ.பி.எஸ். செல்லை, அதாவது தோல் அல்லது ரத்தச் செல்லைப் பின்னோக்கித் திருப்பி ஸ்டெம் செல் போல ஆக்கியதை, ஆய்வகத்திலேயே தசையாக வளர்த்து, தகடாக இதயத்தின் மேல் ஒட்டுகிறார்கள். ஒசாகாவில் 2020-ல் முதல் நோயாளி. ஜெர்மனியில் ஒரு பெண்ணுக்கு ஒட்டி, மூன்று மாதம் கழித்து மாற்று இதயம் வைத்தபோது, எடுத்த இதயத்தில் ஒட்டு உயிரோடு இருந்தது. 2025 நேச்சரில் வந்தது.

வைகைக்கரை:
பார்த்தீர்களா! நான் சொன்னதைத்தான் மெக்கானிக்கும் சொல்கிறார்.

துறைமுக மெக்கானிக்:
நான் எப்போது சொன்னேன்?

கரிசல்காட்டான்:
ஒட்டுப் போடுவதும் முளைப்பதும் ஒன்றா? சைக்கிள் ட்யூபுக்கு ஒட்டுப் போட்டால் ட்யூப் வளர்ந்தது என்பீர்களா? 68 எங்கே?

சொல்லேருழவன்:
'தகடு' உலோகத்துக்குத்தான் பொருந்தும். 'மென்படலம்' என்க.

வைகைக்கரை:
68-ல் எனக்கு மாற்றமில்லை. எலிக்கும் இதயம்தானே இருக்கிறது?

கரிசல்காட்டான்:
நாளைக் காலை அந்த 2001 கட்டுரையை வரி வரியாக எடுத்துப் போடுகிறேன். ஓடிவிடாதீர்கள்.

சொல்லேருழவன்:
குருத்தணு பற்றி இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.