பைபாஸுக்கு முன் கிரியேட்டினின் சரி, மூன்றாம் நாள் சரியில்லை: உங்கள் வீட்டில் நடந்ததுண்டா?

செம்பூர் சங்கரி

அம்மாவுக்கு 68 வயது. சர்க்கரை 19 வருடமாக, மாத்திரை மட்டும்தான். மூன்று இடத்தில் அடைப்பு, பைபாஸ். மற்றதெல்லாம் இங்கே எல்லோரும் கடந்து வந்ததுதான்.

அறுவைக்கு முந்தின நாள் மாலை மயக்க மருந்து டாக்டர் வந்து, கட்டிலோரம் நின்றபடியே மதிப்பெண் போட்டார். சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் வரை போகுமா என்று கணிக்கும் பட்டியல் அது. கிளீவ்லேண்ட் கிளினிக்கில் தயாரித்து 2005-இல் வெளியிட்டது, மொத்தம் 17 புள்ளி. பெண் என்பதற்கு 1. சர்க்கரைக்கு? இன்சுலின் போட்டுக்கொண்டால்தான் புள்ளி, மாத்திரைக்குப் பூஜ்யம். கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, இரத்தத்தில் 1.1. அது 1.2-ஐத் தொட்டால்தான் கணக்கு, அதற்கும் பூஜ்யம். கூட்டினால் 1. "நார்மல் ஹை, ஆன்ட்டி" என்று இந்தியில் சொல்லி அம்மாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அம்மாவுக்கு இந்தி வராது, ஆனால் "நார்மல்" புரிந்தது. இரவு நிம்மதியாகத் தூங்கினார்.

மூன்றாம் நாள் பார்க்க விட்டார்கள், பத்து நிமிடம். முகத்தைப் பார்க்கும் முன்பே கட்டிலுக்குக் கீழே தொங்கிய சிறுநீர்ப் பை கண்ணில் பட்டுவிட்டது. அடியில் இரண்டு விரற்கடை, கெட்டியான புளிக்கரைசல் நிறத்தில். கிரியேட்டினின் 2.6.

சிறுநீரக டாக்டர் வந்து கேட்ட முதல் கேள்வி: "சிறுநீரில் ஆல்புமின் எப்போதாவது பார்த்தீர்களா?" சிறுநீரகம் பழுதானால் சிறுநீரில் கசியும் புரதம் அது. பார்த்திருந்தோம். இரண்டு வருடம் முன்பு, மாட்டுங்காவில் நடந்த ஓர் இலவச முகாமில். 30-க்குள் இருக்க வேண்டியது 210 இருந்தது. அந்தத் தாள் என் கைப்பையில், காப்பீட்டு நகலுக்கும் ஆதார் நகலுக்கும் நடுவே, நான்காக மடித்தபடி, அறுவை நாள் முழுக்க என்னோடுதான் இருந்தது. யாரும் கேட்கவில்லை. நானும் நீட்டவில்லை.

டயாலிசிஸ் இல்லாமல் தப்பித்தார். இப்போது 1.5-இல் நிற்கிறது. அந்தக் கைப்பையை நான் எடுப்பதில்லை.

மாட்டுங்கா பழையவர்

எனக்கு 2016-இல் ஆயிற்று. இதயத்தை நிறுத்தாமல், இரத்தத்தை ஓட்டும் இதய-நுரையீரல் இயந்திரம் இல்லாமல் செய்யும் முறை. "உங்கள் சிறுநீரகத்துக்காகத்தான் இப்படி" என்றார் அறுவை டாக்டர். ஐந்தாம் நாள் கிங்ஸ் சர்க்கிளில் இருந்து கொண்டுவந்த இட்லி சாப்பிட்டேன். என் கதை அவ்வளவுதான்.

ஆனால் சங்கரி அம்மா, டாக்டர் மேல் பழி போடுவது நியாயமில்லை. முதலாவது, அந்த 17 புள்ளிப் பட்டியல் டயாலிசிஸ் வருமா என்று மட்டுமே சொல்லும். 0 முதல் 2 வரை வாங்கினால் வாய்ப்பு 100-க்கு அரைக்கும் குறைவு. 9-ஐத் தொட்டால் 100-க்கு 20-க்கும் மேல். உங்கள் அம்மாவுக்கு டயாலிசிஸ் வரவில்லையே? ஆகவே கணிப்பு பலித்தது. இரண்டாவது, 1.1 என்பதை அப்படியே படிக்கக் கூடாது. நான் 34 வருடம் ஆய்வகத்தில் இருந்தவன். 68 வயதுப் பெண்ணுக்கு 1.1 என்றால் சிறுநீரகம் வடிகட்டும் திறன் ஏறக்குறைய 55தான். 60-க்குக் கீழே என்றாலே குறைவு. அதே 1.1 முப்பது வயதுப் பையனுக்கு ஒன்றுமே இல்லை. உடம்பில் தசை குறைந்தால் கிரியேட்டினினும் குறைவாகத்தான் உற்பத்தியாகும், அதனால் ஒல்லியான வயதான பெண்களிடம் அந்த எண் நல்ல பிள்ளை வேடம் போடும். மூன்றாவது, ஆல்புமினுக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. சர்க்கரைக்காரர்களுக்குக் கிரியேட்டினின் ஏறுவதற்குப் பல வருடம் முன்பே ஆல்புமின் கசிய ஆரம்பித்துவிடும். பட்டியல் கேட்காததை டாக்டர் எப்படிக் கேட்பார்?

செம்பூர் சங்கரி

ஐயா, நான் டாக்டரைப் பழிக்கவில்லை. மறுபடி ஒருமுறை படியுங்கள். கைப்பை என்னுடையது.

நாகர்கோவில் சிஸ்டர், மும்பை

இதயப் பிரிவில் 11 வருடமாக இரவுப் பணி. கணிப்புப் பட்டியல்களைப் பற்றி எனக்குக் கருத்தில்லை. எனக்குத் தெரிந்தது மணிக்கு ஒருமுறை பையைப் பார்த்து எழுதும் எண்.

ஒருவரை மறக்க முடியவில்லை. 60 கிலோ, இன்சுலின் போடுபவர், தாராவியில் தோல் பட்டறை. கிலோவுக்கு அரை மில்லி என்று எங்கள் கணக்கு, அதாவது மணிக்கு 30 வர வேண்டும். இரவு பத்து மணிக்கு 45. பிறகு 38, 26, 20. இரண்டு மணிக்கு 12. பணியில் இருந்த இளம் டாக்டரை எழுப்பினேன். அவர் இரத்த முடிவைப் பார்த்தார்: கிரியேட்டினின் 0.9. "நன்றாகத்தானே இருக்கிறது, சிஸ்டர்?" என்றார்.

நன்றாகத்தான் இருக்கும். சிறுநீரகம் இன்று வேலையை நிறுத்தினால் கழிவு இரத்தத்தில் சேர்ந்து எண்ணாகத் தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகும். போதாததற்கு, இயந்திரத்தில் இருந்து வந்தவர் உடம்பெல்லாம் நீர் ஏற்றியிருக்கும், எல்லாம் நீர்த்துப்போய்க் குறைவாகக் காட்டும். 48 மணி நேரத்தில் கிரியேட்டினின் 0.3 ஏறினாலே பாதிப்பு என்று 2012-இல் இருந்து உலகமெங்கும் வைத்திருக்கும் வரையறையிலேயே சிறுநீர் அளவும் தனியாகச் சேர்ந்திருக்கிறது, 6 மணி நேரம் குறைந்தால் போதும். அந்த டாக்டரிடம் அதைச் சொன்னேன். கோபித்துக்கொண்டார், ஆனால் மூத்தவரைக் கூப்பிட்டார். இரத்த அழுத்தம் குறைந்திருந்தது. அதை ஏற்றும் மருந்தைக் கூட்டினார்கள். விடியும்போது 35 வந்தது.

அவர் மனைவி தினமும் மாலை கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, "இன்றைக்கு எவ்வளவு?" என்று கிரிக்கெட் ஓட்டம் கேட்பது போலக் கேட்பார். மொத்தம் 1,400 மில்லி என்றால் கையெடுத்துக் கும்பிடுவார். டாக்டரிடம் அவர் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

சங்கரி அக்கா, அந்தத் தாளை நீங்கள் நீட்டியிருந்தாலும் அறுவை நின்றிருக்காது. கூடுதலாக ஒரு கண் வைத்திருப்போம், அவ்வளவுதான். அந்த ஒரு கண் சின்ன விஷயமில்லை என்பதும் உண்மை.

டோம்பிவிலி இரண்டாம் மகன்

எங்கள் வீட்டில் தலைகீழ். அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை ஆஞ்சியோகிராம், திங்கட்கிழமை அறுவை என்று நாள் குறித்தாயிற்று. ஞாயிறு மாலை மார்பு முழுக்கச் சவரம் செய்து, பச்சை அங்கி மாட்டி உட்கார வைத்துவிட்டார்கள். அப்போதுதான் ஒருவர் ஓடி வந்து நிறுத்தினார். ஆஞ்சியோவுக்குப் போட்ட சாயத்தால் கிரியேட்டினின் 1.3-இல் இருந்து 1.7 ஆகியிருந்தது. அதோடு, அப்பா டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரையை அன்று காலைவரை விழுங்கியிருந்தார். அறுவைக்கு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டிய மாத்திரையாம். இல்லையென்றால் சர்க்கரை சரியாகக் காட்டும்போதே இரத்தம் அமிலமாகிவிடுமாம். "பத்து நாள் கழித்து வாருங்கள்."

சவரம் செய்த மார்போடு அப்பா சென்ட்ரல் ரயிலில் வீடு திரும்பினார். தாணேவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம், "கோழியை உரித்துவிட்டு உயிரோடு திருப்பி அனுப்புகிறான்" என்றார்.

அந்தப் பத்து நாள்தான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. சிறுநீரகத்துக்காகக் காத்திருக்கிறோம், இதயம் காத்திருக்குமா? ஆறாம் நாள் இரவு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நாக்கடியில் மாத்திரை வைத்து விடியும்வரை பக்கத்திலேயே இருந்தேன். கடைசியில் அறுவை நல்லபடியாக முடிந்தது, கிரியேட்டினின் 1.4-ஐத் தாண்டவில்லை. காத்திருந்ததால் தப்பித்தாரா, அன்றே செய்திருந்தாலும் தப்பித்திருப்பாரா? டாக்டரிடம் கேட்டேன். சிரித்தார்.

மாட்டுங்கா ஐயா, ஒரு விஷயம். இயந்திரம் இல்லாமல் செய்தால் சிறுநீரகம் பிழைக்கும் என்று நம்பி நாங்களும் அலைந்தோம். 2014-இல் வந்த பெரிய ஆய்வு முடிவை எங்கள் டாக்டர் காட்டினார்: உடனடிப் பாதிப்பு இயந்திரம் இல்லாமல் 100-க்கு 17.5, இயந்திரத்தோடு 20.8. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரு தரப்பின் சிறுநீரகமும் ஒன்றுபோலத்தான் இருந்திருக்கிறது.

மாட்டுங்கா பழையவர்

உடனடிப் பாதிப்பு குறைந்தது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். எனக்கு அது போதும், தம்பி.

தாணே முருகேசன்

என் சித்தப்பாவுக்கும் இப்படித்தான் ஆனது, இப்போது நலம்.

எல்லோரும் எண்களைப் பற்றியே எழுதுகிறீர்கள், உணவைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. வீட்டுக்கு வந்ததும் காலையில் வெறும் வயிற்றில் வாழைத்தண்டுச் சாறு ஒரு டம்ளர். பதினொரு மணிக்குப் பார்லி கஞ்சி, உப்பில்லாமல். மாலையில் இளநீர், அதுவும் செவ்விளநீர் என்றால் உத்தமம். பச்சை இளநீர் இரண்டாம் பட்சம். வாரம் இருமுறை சிறுபீளைக் கஷாயம். சிறுபீளை மும்பையில் கிடைக்காது என்பார்கள். தாராவியில் பொங்கல் சமயத்தில் காப்புக் கட்ட வரும், அப்போதே வாங்கி நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்ளலாம். முள்ளங்கி சேர்க்கலாம், ஆனால் தோலோடு. தண்ணீர் நாளைக்கு மூன்று லிட்டர் குறையாமல். மருத்துவமனையில் இருக்கும்போதே இளநீரைத் தொடங்கிவிடுவது மிக நல்லது, உட்சூட்டைத் தணிக்கும். வலி இருந்தால் மருந்துக் கடையில் கேட்டு ஒரு வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாம், பயப்பட வேண்டாம்.

நாகர்கோவில் சிஸ்டர், மும்பை

முருகேசன் அண்ணா, கடைசி வரியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் வகை வலி மாத்திரை பைபாஸ் ஆனவர்களுக்கு இதயத்துக்கும் ஆகாது, சிறுநீரகத்துக்கும் ஆகாது. மூன்று லிட்டர் தண்ணீரும் அப்படித்தான். இதயம் பலவீனமானவர் நுரையீரலில் நீர் கோத்துத் திரும்ப வந்ததைப் பார்த்திருக்கிறேன். இளநீர் முழுக்கப் பொட்டாசியம், சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அது இரத்தத்தில் தங்கி இதயத்தைப் பாதிக்கும்.

தாணே முருகேசன்

எங்கள் பாட்டி 94 வயதுவரை இளநீர் குடித்தார், சிஸ்டர்.

டோம்பிவிலி இரண்டாம் மகன்

பாட்டிக்குப் பைபாஸ் ஆகியிருந்ததா, அண்ணா?

செம்பூர் சங்கரி

இளநீர் என்றதும் நினைவு வருகிறது. அம்மாவுக்குப் பொட்டாசியம் 5.9-க்கு ஏறியிருந்த அன்று என் மாமா சயானில் இருந்து வெயிலில் நடந்தே வந்து, சீவிய இளநீரோடு தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்றார். உள்ளே விடுங்கள், ஒரே ஒரு வாய் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறேன் என்று கெஞ்சினார். பணியில் இருந்த சிஸ்டர் விளக்கமெல்லாம் சொல்லவில்லை. இளநீரை வாங்கினார், அங்கேயே நின்று முழுவதையும் தானே குடித்தார், ஓட்டை மாமா கையில் திருப்பிக் கொடுத்தார். வழுக்கை நன்றாக இருந்தது என்றார்.