வேலையை விட்டபின் சம ஊதிய நிலுவையைக் கேட்கலாமா?

பேரேடு:
பழைய அலுவலக நண்பர் ஒருவருக்கு வருமான வரிப் படிவம் நிரப்பித் தர உட்கார்ந்தேன். அவருடைய பழைய சம்பளச் சீட்டு கைக்கு வந்தது. இருவருக்கும் ஒரே பதவி, ஒரே வேலை. அவருக்கு வேலை கற்றுக்கொடுத்ததே நான்தான். அவர் சீட்டில் ‘பொறுப்புப்படி’ என்று ஒரு வரி இருக்கிறது. என் சீட்டில் அது ஒருநாளும் இருந்ததில்லை. நான் விலகி ஓராண்டுக்கு மேல் ஆகிறது. ‘பாக்கி ஏதுமில்லை’ என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன். ஒரு பெண்ணாக இனி நான் கேட்க முடியுமா?

முதலாளிமேசை:
தாராளமாகக் கேட்கலாம். நியாயமா என்பதுதான் கேள்வி. பேசிய சம்பளத்துக்குச் சம்மதித்தீர்கள், வாங்கினீர்கள், கணக்கு முடித்துக் கையெழுத்தும் போட்டீர்கள். அவர் பேரம் பேசி வாங்கியிருப்பார். நானும் சிறிய நிறுவனம் நடத்துகிறவன்தான். போனவர்கள் எல்லாம் திரும்பி வந்தால் எந்த ஆண்டின் ஏட்டைத்தான் நான் மூடுவது?

வழக்காடி:
விலகியவர்கள் தொடுத்த இதுபோன்ற ஒரு வழக்கை எதிர்த்து பர்மிங்காம் நகராட்சி பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போனது. எதிரே இருந்தவர்கள் 174 முன்னாள் பணியாளர்கள். பெரும்பாலும் பெண்கள், சமையல், துப்புரவு, பராமரிப்பு வேலை செய்தவர்கள். இணையான தரத்தில் இருந்த ஆண்களுக்குக் கிடைத்த ஊக்கத்தொகை இவர்களுக்குக் கிடைக்கவில்லை. தொழில் தீர்ப்பாயத்துக்கு விலகிய ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், அது தாண்டிவிட்டது. உரிமையியல் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். அங்கே வரம்பு ஆறு ஆண்டு. அங்கேயே வழக்கை நடத்தலாம் என்று 2012 அக்டோபரில் நீதிபதிகளில் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் வென்றார்கள்.

அடிப்படை இதுதான்: சம ஊதிய விதி ஒவ்வொரு வேலை ஒப்பந்தத்திலும் எழுதப்பட்டதாகவே அங்கே சட்டம் கொள்கிறது. குறைத்துக் கொடுத்த ஒவ்வொரு மாதமும் ஓர் ஒப்பந்த மீறல். வேலையை விட்டதால் அந்தக் கடன் தீர்ந்துவிடாது.

முதலாளிமேசை:
அதன் மறுபக்கத்தையும் சொல்லுங்கள். தீர்ப்புக்குப் பின் அந்த நகராட்சி சம ஊதியக் கோரிக்கைகளுக்காக ஏறத்தாழ 110 கோடி பவுண்டு கொடுத்தது. 2023 செப்டம்பரில், அத்தியாவசியம் அல்லாத புதுச் செலவே கூடாது என்று அறிவிக்கும் நிலைக்கு வந்தது. அடிபட்டது ஊர் மக்கள்.

வழக்காடி:
காலத்தில் சரிசெய்யாததால் சேர்ந்த கடன் அது. கணினித் திட்டத்தில் கொட்டிய பணமும் அந்தச் சரிவில் உண்டு. பழியைச் சமையல்காரர்கள் தலையில் கட்டாதீர்கள். ‘பணமில்லை’ என்ற வாதம் இந்தியாவிலும் எடுபடவில்லை. மக்கினன் மெக்கன்சி நிறுவனத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்த ஆட்ரி டி’கோஸ்டா 1977-இல் வேலையிலிருந்து நீக்கப்பட்ட பிறகுதான் மனு போட்டார். தொழிற்சங்கத்தோடு உடன்படிக்கை இருக்கிறது, நிதிநிலையும் சரியில்லை என்றது நிறுவனம். 1987-இல் உச்ச நீதிமன்றம் இரண்டையும் தள்ளியது. சங்கம் போட்ட கையெழுத்தே செல்லவில்லை என்றால், பேரேடு அம்மாவின் ‘பாக்கி ஏதுமில்லை’ மட்டும் எப்படி எல்லாவற்றையும் மூடும்?

ஓரத்து நாற்காலி:
காலவரம்பே வேண்டாம் என்கிறீர்களா, ஐயா?

வழக்காடி:
வேண்டும். ஆனால் தெரியாத ஒன்றுக்கு எப்படி ஆறு மாதத்தில் வழக்குப் போடுவது? அமெரிக்காவில் டயர் ஆலை மேற்பார்வையாளர் லில்லி லெட்பெட்டருக்கு யாரோ பெயரில்லாமல் ஒரு துண்டுச்சீட்டில் ஆண்களின் சம்பளத்தை எழுதிவைத்ததால்தான் விஷயமே தெரிந்தது. 180 நாள் வரம்பு தாண்டியது என்று 2007-இல் தோற்றார். 2009-இல் சட்டமே மாறியது: பாகுபாடான ஒவ்வொரு சம்பளமும் வரம்பைப் புதிதாகத் தொடங்கும்.

முதலாளிமேசை:
ஆறு மாதம் போதாது என்பது சரி. ஆறு ஆண்டு எனக்கு அதிகம். அப்போது யாருக்கு ஏன் படி கொடுத்தோம் என்று சொல்லத்தெரிந்த அதிகாரியே விலகிப் போயிருப்பார். ஒரு சீட்டை வைத்துக்கொண்டு தீர்ப்பெழுத முடியாது. அனுபவம், கூடுதல் பொறுப்பு, ஆள் கிடைக்காத நெருக்கடி... பால் வேறுபாடு அல்லாத காரணம் எத்தனையோ உண்டு.

வழக்காடி:
உண்டு. அதைக் காட்டவேண்டியவர் பிரிட்டனில் முதலாளிதான். பேரேடு, ஒன்று கவனியுங்கள். நிலுவையைப் பெரும்பாலும் வழக்குப் போட்ட நாளிலிருந்து பின்னோக்கித்தான் கணக்கிடுவார்கள். விலகியவருக்கு ஒவ்வொரு மாதத் தாமதமும் ஒரு மாத நிலுவையைத் தின்னும். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், பணி விவரத்தாள் எல்லாவற்றையும் முதலில் திரட்டுங்கள். நண்பரின் சீட்டை அவர் சம்மதமில்லாமல் யாருக்கும் காட்டாதீர்கள். அவர் இன்னும் அங்கேதானே இருக்கிறார்?

பேரேடு:
இருக்கிறார். அதனால் அவர் பெயரை எடுக்கவில்லை. என் பதவிக்குப் பொறுப்புப்படி உண்டா, உண்டென்றால் எனக்கு ஏன் தரவில்லை என்று இரண்டே கேள்வி கேட்டு, பதிவுத்தபாலில் அனுப்பிவிட்டேன்.

முதலாளிமேசை:
அந்தக் கடிதம் எனக்கு வந்திருந்தால் நான் உடனே பதில் எழுதுவேன். அவர்கள் எழுதாமல் இருந்தால், இங்கே வந்து சொல்லுங்கள்.